தென்னை உச்சியில் உட்காரும் சன் கானூர் கிளி கீழே இறங்குவதில்லை, வழி சொல்லுங்கள்

வீட்டுக்குள் விசில் ஊதினால் எந்த அறையிலிருந்தாலும் என் கைக்கு வந்துவிடும் பறவை, வெளியே உயரத்தில் போய் உட்கார்ந்தால் இறங்குவதில்லை.

வயது 11 மாதம், காலை எடை 108 கிராம். கையால் ஊட்டி வளர்த்தது. இறகை ஒருமுறைகூட வெட்டியதில்லை. ஊர் ஸ்ரீரங்கம், சுற்றிலும் தென்னை. நான்கு மாதப் பயிற்சி: முதலில் அறை, பிறகு கூடம், பிறகு மொட்டை மாடியில் உடலில் வார் மாட்டி 10 மீட்டர் கயிற்றோடு. அழைத்தபோதெல்லாம் வந்தது.

போன ஞாயிறு காலை ஆறரைக்குக் கயிறில்லாமல் விட்டேன். இரண்டு வட்டமடித்துத் தென்னை உச்சியில் அமர்ந்தது. கூப்பிட்டால் பதிலுக்குக் கத்துகிறது, குனிந்து பார்க்கிறது, சிறகை விரித்து மடக்குகிறது, அவ்வளவுதான். சூரியகாந்தி விதை, தினைக்கதிர், அதன் கூண்டு, அதன் குரலின் ஒலிப்பதிவு எல்லாம் காட்டிப் பார்த்தேன். காகங்கள் விரட்டியபோது எனக்கு உயிரே இல்லை. இங்கே வல்லூறும் வரும்.

மாலை ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டு மாடிக்கு ஏறி, ஏறக்குறைய அதே உயரத்தில் நின்று அழைத்தேன். உடனே தோளுக்கு வந்துவிட்டது! ஆகவே, வர மனமில்லாமல் அல்ல, செங்குத்தாக இறங்கத் தெரியாமல்தான் தவிக்கிறது என்று நம்புகிறேன். அன்றிலிருந்து மாடிப்படியில் பழக்குகிறேன். எட்டுப் படிக்கு மேல் தயங்குகிறது.

கானூரை வெளியில் பறக்கவிட்டுப் பழக்கியவர்களே, செங்குத்தாகக் கீழிறங்கும் பழக்கத்தை எங்கே, எந்த உயரத்திலிருந்து கற்றுக்கொடுத்தீர்கள்?