ஆப்பில் பச்சை காட்டினால் போதுமா? மின்கார் நெடும்பயணத்தில் சார்ஜர் தேடுவது பற்றி

கம்பிவடம்:
பக்கத்துத் திரியில் நேர்சாலை எழுதிய வரி இது: "நெடும்பயணத்துக்குத் திட்டமெல்லாம் தேவையில்லை. பேட்டரி 20% வந்ததும் ஆப்பைத் திறங்க, பக்கத்துல பச்சை காட்டுற சார்ஜருக்குப் போங்க. பச்சை போதும்." கீழே வரிசையாக 'அருமை', 'நன்றி'. புதிதாக வண்டி எடுத்தவர்கள் இதை நம்பிக் கிளம்பினால் பாதி வழியில் நிற்பார்கள். அதனால்தான் தனித் திரி.

பச்சைக்கு என்ன பொருள்? அந்தக் கன் (வண்டியில் மாட்டும் கேபிள் முனை) இப்போது எந்த வண்டியிலும் மாட்டப்படவில்லை, சார்ஜர் தன்னைப் பழுது என்று அறிவிக்கவும் இல்லை. அவ்வளவுதான். கரன்ட் வரும் என்று அது உறுதி சொல்லவில்லை. சார்ஜர் முன்னால் ஒரு பெட்ரோல் கார் நிறுத்தியிருந்தாலும் பெரும்பாலும் பச்சைதான், ஏனென்றால் கன்னை மாட்டினால்தான் வண்டி நிற்பதே சார்ஜருக்குத் தெரியும். 120 கிலோவாட் சார்ஜரில் பவர் தரும் 30 கிலோவாட் மாட்யூல்கள் நான்கில் இரண்டு போயிருந்தாலும் பச்சையாகவே இருக்கக்கூடும். மிச்சம் 60 மட்டும் வரும். இணைப்பு அறுந்துபோன சார்ஜருக்குச் சில ஆப்கள் கடைசியாகக் கிடைத்த நிலையையே காட்டிக்கொண்டிருக்கும். அதுவும் பச்சை.

நேர்சாலை:
என் வரியை மாத்தாம எடுத்துப் போட்டதுக்கு நன்றி. இப்பவும் அதையேதான் சொல்றேன், பச்சை போதும். சார்ஜர் கெட்டா அதுவே சர்வருக்குச் சொல்லும். சார்ஜரும் சர்வரும் பேசிக்கிற ஓசிபிபி விதிமுறை எதுக்கு இருக்கு? 1.6 பதிப்புல ஒரு கன்னுக்கு 9 நிலை, அதுல ஒண்ணு பழுது. பழுதுன்னா சிவப்பு. சிவப்பு இல்லைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம். புது ஆளுங்களைப் பயமுறுத்தாதீங்க.

கம்பிவடம்:
பயமுறுத்தவில்லை. சார்ஜருக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். சிசிஎஸ் என்ற வேகச் சார்ஜ் வகைக் கன்னை மாட்டியதும் முதலில் வண்டியும் சார்ஜரும் பேசத் தொடங்கும். வண்டி தன் உச்ச வோல்டேஜையும் உச்ச கரன்ட்டையும் சொல்லும். அடுத்து கேபிள் சோதனை: வண்டியின் காண்டாக்டர் (பேட்டரியை இணைக்கும் சுவிட்ச்) திறந்திருக்கும்போதே சார்ஜர் கேபிளில் உயர் வோல்டேஜ் ஏற்றி, கசிவு உண்டா என்று இன்சுலேஷனைப் பார்க்கும். அது தேறினால், பேட்டரியின் வோல்டேஜுக்கு இணையாகத் தன் வோல்டேஜைக் கொண்டுவரும். அதற்குப் பிறகுதான் காண்டாக்டர் மூடும், கரன்ட் ஓடும்.

கன்னுக்குள் மழைநீர் இறங்கியிருந்தால் கேபிள் சோதனையில் தோற்கும். கன்னின் உலோகப் பின் தேய்ந்திருந்தால் பேச்சே தொடங்காது. சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் கன் இந்த இரண்டையும் முன்கூட்டியே எப்படிச் சர்வருக்குச் சொல்லும்? மாட்டினால்தான் தெரியும். அதுவரை பச்சை. இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஆம்பியர்:
இரண்டு பேரும் நிறத்தையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். பார்க்க வேண்டியது ஆம்பியர். 150 கிலோவாட் என்று ஆப்பில் இருக்கும். கேபிளின் வரம்பு 200 ஆம்பியர் என்றால், 400 வோல்ட் வகை வண்டியின் பேட்டரி 360 வோல்ட்டில் இருக்கும்போது 360 × 200, அதாவது 72 கிலோவாட்தான் வரும். 125 ஆம்பியர் கொடுக்கும் 50 கிலோவாட் சார்ஜரில் 45. வாசலில் எழுதியிருக்கும் எண்ணை நம்பி 20 கிலோமீட்டர் சுற்றிப் போகிறவர்கள் இதைக் கணக்குப் போடுவதே இல்லை.

800 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தலைவலி வேறு மாதிரி. சார்ஜரின் உச்சமே 500 வோல்ட் என்றால், வோல்டேஜை ஏற்றிக்கொள்ளும் வசதி வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். ஹுண்டாய் ஐயானிக் 5 தன் மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் வைத்தே அதைச் செய்கிறது. அந்த வசதி இல்லாத வண்டி பச்சைக்கு முன்னால் நின்று வேடிக்கை பார்க்கலாம்.

நேர்சாலை:
ஆம்பியர் சார், தலைப்பைப் படிச்சிட்டு வாங்க. வேகமா ஏறுமாங்கிறது இங்க கேள்வி இல்லை, ஏறுமாங்கிறதுதான் கேள்வி. 72 வந்தாலும் ஏறுது இல்ல? அப்ப பச்சை சரிதானே. கம்பிவடம் சொல்ற மழைநீர்க் கதைக்கு வர்றேன். ஒரு கன் வேலை செய்யலைன்னா பக்கத்துக் கன்னை எடுங்க. அதுவும் பச்சையாத்தான் இருக்கும்.

தேவிகா_இவி:
பக்கத்துக் கன் இருந்தால்தானே நேர்சாலை? ஒரே கன் உள்ள ஸ்டேஷனை முதல் இலக்காக வைக்கவே கூடாது. குறைந்தது 4 கன் இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். அதைத் தாண்டியோ அதற்கு முன்போ இரண்டாவது ஸ்டேஷன் ஒன்றைக் குறித்து, அதுவரை போகும் அளவு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பின் மேப்பில் ஸ்டேஷனைக் காட்டும் பின்னைத் தட்டியதும் நிறத்தோடு நிற்காமல் உள்ளே திறந்து பாருங்கள். உங்கள் வண்டியின் கன் வகைக்கு வடிகட்டி போட்டிருக்கிறீர்களா? ஒரே இடத்தில் சாடெமோ என்ற வேறு வகைக் கன் காலியாக இருந்து சிசிஎஸ்2 கன்னில் வண்டி நின்றாலும் மொத்த இடத்துக்கும் பச்சைப் பின் வைக்கும் ஆப்கள் உண்டு. பிளக்‌ஷேர் போன்ற, பயனர்கள் பதிவிடும் ஆப்களில் கடைசியாக ஒருவர் வெற்றிகரமாகச் சார்ஜ் செய்தது எப்போது, அவருக்கு எத்தனை கிலோவாட் வந்தது என்று பாருங்கள். இரவில் கேட் பூட்டுகிறார்களா? நீங்கள் போகும் திசையில் இருக்கிறதா, நடுத்தடுப்புக்கு அந்தப் பக்கமா? ஆப் காட்டும் 8 கிலோமீட்டர் நேர்கோட்டுத் தூரமாக இருக்கும். யூ டர்ன் அடித்துத் திரும்பினால் 20 ஆகிவிடும்.

அப்புறம் அந்த 20%. பேட்டரி 60 யூனிட் என்றால் 20% என்பது 12 யூனிட். 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட் செலவானால் 66 கிலோமீட்டர் போகலாம். வழியில் மலை இருந்தால்? 2 டன் எடையுள்ள வண்டி 1000 மீட்டர் ஏற, இழப்பைச் சேர்க்காமலே 5.4 யூனிட் வேண்டும். மிச்சத்தில் 36 கிலோமீட்டர்தான். 20% வந்தபின் ஆப்பைத் திறப்பது தாமதம்.

கம்பிவடம்:
தேவிகா மேடம் சொன்ன எல்லாம் சரி. ஆனால் 20% என்று டிஸ்பிளே காட்டுவதே உண்மையா என்பதை விட்டுவிட்டீர்கள். எல்எஃப்பி (இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியில் சார்ஜ் அளவு மாறினாலும் நடுப்பகுதியில் வோல்டேஜ் அநேகமாக ஒரே மட்டத்தில் நிற்கும். பேட்டரியைக் கவனிக்கும் பிஎம்எஸ் ஓடிய கரன்ட்டை எண்ணித்தான் சதவீதம் சொல்லும், அந்த எண்ணிக்கையில் பிழை சேர்ந்துகொண்டே போகும். 100% வரை ஏற்றினால்தான் கணக்கு நேராகும். எல்எஃப்பி திரியில் இதைச் சொன்னபோது "100% ஏற்றுபவர்கள் பேட்டரியைக் கொல்கிறவர்கள்" என்று எழுதியது இதே நேர்சாலைதான். அதை இன்னும் திருத்தவில்லை. எல்லா வண்டிக்கும் '80%-க்கு மேல் ஏற்றாதே' விதி, எல்லா ஸ்டேஷனுக்கும் பச்சை விதி. ஒற்றை வரியில் சொல்ல முடிந்தால் போதும், அவருக்கு அது உண்மை.

நேர்சாலை:
அந்தத் திரியில நான் சொன்னது என்எம்சிங்கிற இன்னொரு வகை பேட்டரிக்கு. வேணும்னே கலக்காதீங்க. இங்க பேசுறது பச்சை.

ஆம்பியர்:
என்எம்சி என்று நீங்கள் அங்கே ஒரு இடத்திலும் எழுதவில்லை. நானும் அந்தத் திரியில் இருந்தேன்.

புதுநிரல்:
9 நிலை என்று ஒருவர் எழுதியதைப் படித்துச் சும்மா போக முடியவில்லை. ஓசிபிபி 2.0.1-ல் கன்னுக்கு 5 நிலைதான்: காலி, பயன்பாட்டில், முன்பதிவு, சேவையில் இல்லை, பழுது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு வாதாடாதீர்கள்.

நேர்சாலை:
நான் 1.6-ன்னு தெளிவா எழுதியிருக்கேன். அதுல 9தான்.

புதுநிரல்:
5.

கம்பிவடம்:
9 ஆனாலும் 5 ஆனாலும் ஆப்பில் வருவது மூன்று நான்கு நிறம்தான். 1.6-ல் சார்ஜ் முடிந்து கன் இன்னும் வண்டியிலேயே இருந்தால் அதற்குத் தனி நிலை இருக்கிறது. அதை ஆப் எந்த நிறத்தில் போடுகிறது என்பது ஆப் எழுதியவரின் முடிவு. இன்னொரு நிறுவனத்தின் ஆப்பில் பார்க்கிறீர்கள் என்றால் தகவல் இரண்டு சர்வர் தாண்டி வரும், அது எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் ஸ்டேஷனை நடத்துகிற நிறுவனத்தின் சொந்த ஆப்பிலேயே பாருங்கள். கிளம்பும்போது ஒரு முறை, 30 கிலோமீட்டர் முன்னால் ஒரு முறை.

இன்னொன்று. ஒரே பெட்டியில் இரண்டு கன் உள்ள சார்ஜர்களில் பவர் பகிரப்படும். 120 கிலோவாட் பெட்டியில் ஒரு வண்டி ஏறிக்கொண்டிருந்தால் அடுத்த கன்னுக்கு 60 மட்டும் கிடைக்கலாம். டெஸ்லாவின் வி2 சூப்பர்சார்ஜரிலும் 1ஏ, 1பி என்று ஜோடியாக ஒரே பெட்டியைப் பகிர்வார்கள். ஆளில்லாத பெட்டியைத் தேடி நிறுத்த வேண்டும். பச்சை அதைச் சொல்லுமா?

தேவிகா_இவி:
இந்தச் சண்டையில் உருப்படியானவை எல்லாம் அமுங்கிப் போகின்றன. கன் மாட்டியும் தொடங்கவில்லை என்றால் செய்ய வேண்டியதை எழுதிவிடுகிறேன். கனமான கேபிள் கன்னைக் கீழே இழுத்து, பின் சரியாகப் பதியாமல் விடும். பேச்சு தொடங்கி லாக் விழும்வரை கன்னைக் கையால் தாங்கி உள்ளே அழுத்திப் பிடியுங்கள். அப்படியும் தொடங்காவிட்டால் கழற்றுங்கள், வண்டியை அணைத்துப் பூட்டித் திறந்து, புதிதாக மாட்டுங்கள். ஆப்பில் தொடங்கச் சொல்லிவிட்டுக் கேபிளோடு போராடினால் நேரம் கடந்து அனுமதி ரத்தாகிவிடும். முதலில் மாட்டுவதா, முதலில் அனுமதியா என்பது சார்ஜருக்குச் சார்ஜர் மாறும், திரையில் இருக்கும் வரிசைப்படி செய்யுங்கள். அதுவும் தோற்றால் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்து, சார்ஜரைத் தூரத்திலிருந்தே ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

நிலத்தடிப் பார்க்கிங்கில் மொபைல் சிக்னல் இருக்காது. சார்ஜரில் தொட்டுக் காட்டும் ஆர்எஃப்ஐடி கார்டு ஒன்று கையில் இருக்கட்டும். அனுமதிப் பட்டியலைத் தனக்குள் வைத்திருக்கும் சார்ஜர் நெட் இல்லாமலும் கார்டை ஏற்கும்.

குளிரில் போகிறவர்கள் ஸ்டேஷனை வண்டியின் சொந்த மேப்பில் இலக்காகப் போடுங்கள். அப்போதுதான் பல வண்டிகள் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கித் தயார் செய்யும். மொபைல் மேப்பைப் பார்த்து ஓட்டினால் வண்டிக்கு ஒன்றும் தெரியாது.

நேர்சாலை:
மேடம், இவ்வளவும் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு செய்யறது. போறதா வேண்டாமான்னு முடிவு பண்ண என்ன பார்க்கணும்? பச்சை. நீங்களும் சிவப்புக்குப் போகச் சொல்லலையே! சார்ஜ் பத்தலையா, மணிக்கு 120 கிலோமீட்டர்ல போறவர் 100-க்குக் குறைங்க, அடுத்த பச்சை வரைக்கும் போயிடலாம்.

கம்பிவடம்:
வேகத்தைக் குறைப்பது நல்ல யோசனைதான். 100-ஐ விட 120-ல் காற்றை எதிர்க்க ஒரு கிலோமீட்டருக்கு 44% கூடுதல் சக்தி வேண்டும். ஆனால் அதைக் காலையிலிருந்தே செய்ய வேண்டும். 20%-க்கு வந்தபிறகு, அடுத்த பச்சையும் பொய்யாக இருந்தால், எவ்வளவு குறைத்து ஓட்டுவீர்கள்? கேபிள் சோதனைக் கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை. நான்காவது முறையாகத் தாவுகிறீர்கள்.

நேர்சாலை:
பதில் சொல்லியாச்சு. பக்கத்துக் கன்.

ஆம்பியர்:
பக்கத்துக் கன் அதே பெட்டியில் இருந்தால்? அதன் கேபிள் எத்தனை ஆம்பியர்? இதை யாரும் கேட்கமாட்டீர்கள்.

புதுநிரல்:
அதே பெட்டி என்றாலும் ஒவ்வொரு கன்னும் தன் நிலையைத் தனியாகத்தான் அனுப்பும். 5 நிலைகளில் ஒன்றை.

நேர்சாலை:
9.