ரிஸ்ஸானி வியாழன் சந்தை: எர்ராஷிதியாவிலிருந்து விடிகாலையில் எப்படிப் போவது?

வணக்கம். நானும் மனைவியும் இப்போது மொராக்கோவில், ஃபெஸ் நகரத்தில் இருக்கிறோம். வியாழக்கிழமை ரிஸ்ஸானி சந்தையைப் பார்த்தே ஆக வேண்டும், ஆனால் நேராகப் போகும் இரவுப் பேருந்தில் இடமில்லை, எர்ராஷிதியா வரைக்கும்தான் டிக்கெட் கிடைத்தது. விடியும் முன்பே இறக்கிவிட்டுவிடும். அங்கிருந்து எர்ஃபூத் வழியாக இன்னும் சுமார் 100 கி.மீ.

சந்தை ஞாயிறு, செவ்வாய், வியாழன் மட்டும்தான். சனிக்கிழமை ஊர் திரும்ப விமானம், இதை விட்டால் வேறு நாள் இல்லை. மனைவி வரலாறு படித்தவர். சஹாரா தங்க வணிகத்தில் செழித்த சிஜில்மாசா என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள் ரிஸ்ஸானியை ஒட்டியே இருக்கின்றன. ஆட்டுச் சந்தையும், வந்தவர்கள் கழுதைகளை வரிசையாகக் கட்டிவைக்கும் திடலும் காலையில் பார்க்க வேண்டியவை, மதியத்துக்கு மேல் போய்ப் பயனில்லை.

தனிக் கார் விசாரித்தோம், வாடகை கட்டுப்படியாகவில்லை. நாங்களே ஓட்டிப் போக சர்வதேச உரிமம் கையில் இல்லை. ரிஸ்ஸானியில் அறை எடுத்திருக்கும் விடுதியில் போனை எடுப்பதே இல்லை, வாட்ஸ்அப்பிலும் பதில் வரவில்லை. மிச்சம் கிராண்ட் டாக்ஸிதான், அதாவது ஊர் விட்டு ஊர் போகும் ஷேர் டாக்ஸி. ஆறு பேர் சேர்ந்தால்தான் கிளம்புமாம், சரி, ஆறு இடத்துக்கும் நாங்களே காசு கொடுக்கத் தயார்.

எர்ராஷிதியாவில் விடியும் முன் ரிஸ்ஸானிக்கு கிராண்ட் டாக்ஸி கிடைக்குமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.