காசு மட்டும்தானா காரணம்? வெளிநாடு போனவர்கள் சொன்ன பதில்கள்

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் குடியேற்றப் படிவத்தை என்னிடம் நீட்டி, "தம்பி, இதைக் கொஞ்சம் நிரப்பித் தர்றீங்களா?" என்றார். ஐம்பதை நெருங்கும் வயது. மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பாஸ்போர்ட், ஒப்பந்த நகல், புகைப்படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் 'வேலை' என்று எழுதிவிட்டு, பேச்சுக்காக, "சம்பளம் பரவாயில்லையாண்ணே?" என்று கேட்டேன்.

அவர் சம்பளத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "அண்ணன் நிலத்தைப் பார்க்கிறார். தம்பி பக்கத்து டவுன்ல கடை வச்சிருக்கான். மழை பொய்ச்சா நிலமும் போகும், வாங்க ஆளில்லாம கடையும் படுத்துடும். ஒருத்தனாவது அந்த மழையை நம்பாத இடத்துல இருக்கணும்னு வீட்ல உட்கார்ந்து பேசினோம். கடைசியில என்னை அனுப்பினாங்க."

அனுப்பினாங்க. அந்த ஒரு சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை.

1985-இல் பொருளாதார அறிஞர்கள் ஓடெட் ஸ்டார்க், டேவிட் புளூம் இருவரும் எழுதியது கிட்டத்தட்ட இதேதான். புறப்படும் முடிவைத் தனி ஆள் எடுப்பதில்லை, குடும்பம் எடுக்கிறது. பயிர்க் காப்பீடோ நல்ல கடனோ கிடைக்காத இடத்தில், வெளியே அனுப்பப்படும் ஆள்தான் அந்த வீட்டுக்குக் காப்பீடு. கல்லூரியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது எனக்கு இது ஏறவே இல்லை. அந்த ரப்பர் பேண்ட் போட்ட ஃபைலைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

"எல்லாம் காசுக்காகத்தான்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சம்பள வித்தியாசம் மட்டுமே காரணமென்றால் உலகத்தில் பாதிப் பேர் இந்நேரம் மூட்டை கட்டியிருக்க வேண்டும். 2020-இல் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்ந்தவர்கள் சுமார் 28 கோடி என்பது ஐ.நா. மதிப்பீடு. நூறு பேரில் நான்கு பேர்கூட இல்லை. நீங்கள் சந்தித்தவர்கள் என்ன சொன்னார்கள்? எழுதுங்கள்.

*

நான் சந்தித்தவன் இல்லை, போனவன். அந்த நாடு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. மாமா அங்கே இருந்தார், அதனால் போனேன். சட்டைப் பையில் அவருடைய நம்பர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, மடிப்பில் கிழிந்துபோனது. போய் இறங்கினால் அறையில் ஆறு பேர். அதில் நாலு பேர் எங்கள் தெருக்காரர்கள். அடுத்த வருஷம் என் நம்பரை எழுதிக்கொண்டு இன்னொருவன் வந்தான். முதல் ஆள் பட்ட பாட்டில் பாதிகூட அடுத்தவனுக்கு இருக்காது, அதனால் வெளியே போவது தானாகவே வளர்கிறது என்று சமூகவியலாளர் டக்ளஸ் மாஸி எழுதியதைப் பின்னால்தான் படித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே பாத்திரம் கழுவினேன். சொந்த ஊரில் அந்த வேலைக்குப் போயிருக்கவே மாட்டேன். பொருளாதார அறிஞர் மைக்கேல் பியோரி 1979-இல் இதற்குக் காரணம் சொல்கிறார்: வந்த இடத்தில் அந்த வேலை வெறும் சம்பளம், மரியாதை எல்லாம் விட்டுவந்த ஊரில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அந்த வேலையை ஏன் ஒதுக்கினார்கள் என்பதும் அதே கணக்குதான். இரண்டு வருஷம் என்று போனேன். பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

*

போகாதவர்களைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். நானும் என் நண்பனும் ஒன்றாகத்தான் விண்ணப்பித்தோம். எங்கள் வீட்டில் அடகு வைக்க நகை இருந்தது, அவன் வீட்டில் இல்லை. ஏஜென்ட் கேட்ட தொகையைச் சொன்னதும் அவன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். எங்கள் இரண்டு பேரில் வறுமை அதிகம் அவனுக்குத்தான். மக்கள்தொகை ஆய்வாளர் எவரெட் லீ 1966-இல் ஊரை விட்டுத் தள்ளும் காரணம், வேறிடத்துக்கு இழுக்கும் காரணம் ஆகியவற்றோடு, இடையில் நிற்கும் தடைகளையும் சேர்த்தே எழுதினார். நாம் முதல் இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டோம். மிக ஏழை நாடுகள் கொஞ்சம் வளரத் தொடங்கும்போது வெளியேறுவோர் குறைவதில்லை, கூடுகிறார்கள் என்று ஹைன் டி ஹாஸ் போன்ற ஆய்வாளர்கள் காட்டுவது இதனால்தான். ஆசை முன்பே இருக்கிறது, வழிச்செலவுக்குப் பணம் அப்போதுதான் கைக்கு வருகிறது.

அவன் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தான். பத்து வருஷம் கழித்து காலாவதியானபோது என்னிடம் காட்டினான். ஒரு பக்கத்தில்கூட முத்திரை இல்லை.