தஞ்சாவூரில் இரண்டு நாள்: வாத்தியம் வாசிக்கிறவர்கள் எங்கே போவீர்கள்?

தனியாவர்த்தனம்:
வணக்கம். அடுத்த வாரம் கோவையிலிருந்து ஒரு கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் வருகிறேன், முகூர்த்தம் முடிந்ததும் முழுசாக இரண்டு நாள் கையில் இருக்கிறது. ஐந்து வருடமாக மிருதங்கம் கற்கிறேன். பெரிய கோயில், அரண்மனை எல்லாம் தெரியும். உள்ளூர் வித்வான்களுக்குச் சொந்தமாகப் பிடித்த இடம் எது?

மேலவீதி:
நான் வீணை. தம்பி, பெரிய கோயிலையும் விடாதீர்கள், ஆனால் மத்தியானம் வேண்டாம், கல் சூட்டில் பாதம் பொரிந்துவிடும். அங்கே பதிகம் பாட 48 பேர், கூடவே உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளம் என்கிற தோல் வாத்தியத்துக்கு ஒருவர் என்று ராஜராஜன் நியமித்துக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். உங்களைப் போலத் தோல் வாத்தியம் வாசிக்கிறவர் அப்போதே சம்பளப் பட்டியலில்!

அப்புறம் மேல ராஜவீதி. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரியின் குடும்பம் பூஜை செய்த பங்காரு காமாட்சி கோயிலும், பரதநாட்டியத்துக்கு இன்றைய கச்சேரி வடிவம் தந்த சகோதரர்களான தஞ்சை நால்வர் வீடும் அங்கேதான்.

ஆனால் நான் அலுக்காமல் போகிற இடம் வீணைப் பட்டறை. பலா மரத்தில் குடம் குடைவதை எல்லோரும் போட்டோ எடுப்பார்கள், எனக்குக் கடைசி வேலைதான் பிடிக்கும். கரி கலந்த மெழுகைத் வீணையின் நீண்ட கழுத்தான தண்டியின் இரண்டு பக்கமும் கரை மாதிரிக் கட்டி, ஸ்வரத்துக்காகத் தந்தியை அழுத்துகிற கட்டைகளான 24 மெட்டையும் ஒவ்வொன்றாகப் பதிப்பார்கள்; ஆசாரி மீட்டுவார், மயிரிழை நகர்த்துவார், மறுபடி மீட்டுவார், காதுதான் அளவுகோல். போன சித்திரையில் வீணையை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டேன், மெழுகு இளகி மெட்டெல்லாம் சாய்ந்துவிட்டது. சரி பண்ண எடுத்துப் போனதில் முழுவதையும் உட்கார்ந்து பார்த்தேன்.

நாயனம்:
அண்ணன் திருவையாற்றை விட்டுவிட்டாரே! பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். யார் திட்டினாலும் சரி, தியாகையர் ஆராதனை விழாக் கூட்டத்தில் போகாதீர்கள் என்பேன். சாதாரண நாளில் விடியற்காலை போனால் தியாகையர் சமாதியில் நீங்களும் காவிரியும்தான். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் சமாதியும் அங்கேயே இருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள். தன் சொத்தைப் போட்டுத் தியாகையர் சமாதிக்குக் கோயில் எழுப்பி, ஆராதனையில் பெண்களைப் பாடவிடாத காலத்தில் சண்டை போட்டுப் பாடவைத்தவர் அந்த அம்மா. திரும்பும்போது சூடாக அசோகா அல்வா.

இரண்டாம் நாள் கும்பகோணம் பக்கம் போனால் நரசிங்கம்பேட்டை. நாதஸ்வரம் கடைகிற ஊர். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மர உத்திரத்தைத்தான் தேடி வாங்குவார்கள், புது மரம் ஈரம் காய்ந்து வெடித்துவிடும்.

தனியாவர்த்தனம்:
ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணே. பட்டறைக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?

மேலவீதி:
வேண்டாம், வேலை நாளில் போய் வாசலில் நின்று கேளுங்கள், உள்ளே கூப்பிடுவார்கள். மெட்டுப் பதிக்கும்போது மட்டும் வாயைத் திறக்காதீர்கள், தொடையில் தாளமும் போடாதீர்கள். அதற்கு நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.