மராகேஷில் தெரு ஹம்மாம்: என்ன கொண்டு போகணும், உள்ளே என்ன நடக்கும்?

கேள்வி:
அடுத்த மாசம் மனைவியோட மொராக்கோவில் இருக்கிற மராகேஷ் போறேன். ஓட்டல் ஸ்பா வேண்டாம், உள்ளூர்க்காரங்க குளிக்கிற ஹம்மாமுக்கே (பொது நீராவிக் குளியல் கூடம்) போகணும்னு ஆசை. ரெண்டு பேரும் சேர்ந்து போகலாமா? துணி எவ்வளவு களையணும்? தேய்க்கும்போது தோல் எரியுமா?

பதில் 1:
சேர்ந்து போக முடியாது. ஆண், பெண்ணுக்குத் தனித்தனிக் கூடம் இருக்கும். ஒரே கூடம்னா நேரம் பிரிச்சிருப்பாங்க. உள்ளாடையைக் கழற்றாதீங்க, பெண்களும் கீழ் உள்ளாடையோடதான் இருப்பாங்க. ஈரமாகிடும், மாற்று ஒண்ணு வேணும். ரப்பர் செருப்பு, துண்டு, உட்கார சின்னப் பாய், மொள்ள ஒரு கிண்ணம், கெஸ்ஸாங்கிற சொரசொரப்பான கையுறை, ஆலிவ் எண்ணெயில் செய்த கறுப்புச் சோப்பு, இதெல்லாம் நாமதான் கொண்டு போகணும். நுழைவுக்கட்டணம் உண்டு. தேய்த்துவிட ஆள் வேணும்னா கூலியை முன்னாடியே பேசிடுங்க.

பதில் 2:
எரியுமான்னு கேட்டதுக்கு: முறையா செஞ்சா எரியாது. மூணு அறை இருக்கும், உள்ளே போகப் போக சூடு கூடும். சோப்பை உடம்பு முழுக்க மெல்லிசாப் பூசிட்டு, சூடான அறையில் 10 நிமிஷமாவது சும்மா உட்காருங்க. தோல் ஊறணும். பிறகு சோப்பு துளிகூட இல்லாம கழுவணும். பலரும் கோட்டை விடுறது இங்கேதான். வழுவழுப்பு மிச்சமிருந்தா கெஸ்ஸா சறுக்கும், அழுக்கு வராது, பொறுமையில்லாம இன்னும் அழுத்தித் தேய்ப்பாங்க, தோல் சிவந்துபோகும். சரியா ஊறின தோல்ல ரெண்டு இழுப்பிலேயே அழுக்கு சாம்பல் நிறத்தில் திரிதிரியா உருண்டு வரும். கூச்சப்படாதீங்க, எல்லாருக்கும் அப்படித்தான். வலிச்சா "பிஷ்வியா" (மெதுவா) சொல்லுங்க. முந்தின நாள் ஷேவிங், வாக்சிங் வேண்டவே வேண்டாம். வெயிலில் கன்றின தோலோடயும் போகாதீங்க.

பதில் 3:
வாளி விஷயம்: ஒண்ணில் வெந்நீர், ஒண்ணில் பச்சைத் தண்ணீர் பிடிச்சு விளாவணும். வாளிக்குள்ள கையையோ கெஸ்ஸாவையோ முக்கக் கூடாது, கிண்ணத்தால்தான் மொள்ளணும். உங்க அழுக்குத் தண்ணி பக்கத்தில் இருக்கிறவங்க மேல தெறிக்காம பார்த்துக்கோங்க. தலைக்குக் கசூல் களிமண்ணைக் குழைச்சுத் தடவலாம், நல்லா அலசிடணும். வயிறு நிறையச் சாப்பிட்டுப் போகாதீங்க. தலை சுத்தினா உடனே நடு அறைக்கு வந்து உட்காருங்க. சட்டுனு எழுந்தா வழுக்கல் தரையில் விழுந்துடுவீங்க. கர்ப்பமோ இதயக் கோளாறோ இருந்தா டாக்டரைக் கேட்காம போகாதீங்க.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கெஸ்ஸா அங்கேயே கிடைக்குமா?

பதில் 2:
கிடைக்கும். மெதினா (பழைய நகரப் பகுதி) கடைகளிலேயே வாங்கலாம், சோப்பை எடை போட்டுத் தருவாங்க. ஆளுக்கொரு கெஸ்ஸா வாங்குங்க. ஒருத்தர் தேய்ச்சதை இன்னொருத்தர் தொடவே கூடாது.