26 அடி ஃபைபர் படகில் பாய் ஏற்றினால் பெட்ரோல் குறையுமா?

தாராவி ஃபைபர்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ஊர் தூத்துக்குடிப் பக்கம், பிழைப்பு மும்பையில். படகுக்கு ஃபைபர் ஒட்டுகிற வேலை. வர்லி கோலிவாடாவில் இருக்கும் ஒரு கோலி (மும்பையின் மீனவச் சமூகம்) நண்பருக்காகக் கேட்கிறேன். 26 அடி ஃபைபர் படகு, பின்னால் மாட்டிய 9.9 குதிரைச் சக்தி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின், செவுள் வலைத் தொழில். விடியுமுன் போய் மதியத்துக்கு மேல் கரை திரும்புவார். முழு முறுக்கில் ஓட்டினால் மணிக்கு 4 லிட்டருக்கு மேல் குடிக்கிறது. பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டிப் பல வருடமாச்சு, மீன் விலை அந்த மாதிரி ஏறவில்லை.

பாய் கட்டிப் பார்க்கலாமா என்று அவரே கேட்டார். அவர் அப்பா பாய் ஓட்டத்தில் தொழில் பார்த்தவர். மகனுக்கு அது தெரியாது. படகில் ஒரு கம்பு நிற்கிறது, அதில் கொடிதான் பறக்கிறது. எஞ்சினைக் கழற்றும் எண்ணமில்லை, இரண்டையும் சேர்த்து ஓட்டத்தான். பாய்மரம் ஊன்ற அடிக்கட்டை நான் போட்டுக் கொடுத்துவிடுவேன். செலவுக்குத் தக்க மிச்சம் வருமா? இன்னொன்று: கடற்கரைச் சாலைப் பாலத்தின் தூண்களுக்கு நடுவேதான் போய்வர வேண்டும். 60 மீட்டர் இடைவெளி என்று திட்டம் போட்டதை, வர்லி மீனவர்கள் விடாமல் நின்று 2022-ல் 120 ஆக்கினார்கள். பாயோடு அதில் நுழையலாமா?

பாம்பன் தாத்தா:
தம்பி, நான் இப்போது செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். வத்தை என்கிற நாட்டுப் படகில் பாய் ஓடி வளர்ந்தவன். காற்று பலமாக அடித்தால் காற்று வரும் பக்கமாக ஒரு நீளப் பலகையைக் குறுக்கே நீட்டி, ஓர் ஆள் அதன் நுனியில் போய் உட்காருவார். அவர் முதுகு நனைய நனையத்தான் படகு நிமிர்ந்து போகும். ஃபைபர் படகில் அந்த வித்தையெல்லாம் வேண்டாம், பாயைச் சின்னதாக வையுங்கள்.

இந்தக் கரைக்கு ஒரு வசதி உண்டு. பனிக்காலத்தில் விடியற்காலையில் தரைக்காற்று கிழக்கிலிருந்து வரும். மதியத்துக்கு மேல் கடற்காற்று மேற்கிலோ வடமேற்கிலோ எழும்பும். போகவும் காற்று, வரவும் காற்று. மழைக்காலத்து வெறிக்காற்றைப் பற்றிக் கவலையில்லை, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம்தானே.

தாமானை (பாயின் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு) மட்டும் எப்போதும் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். முளையில் இரண்டு சுற்று, மிச்சம் கையில். திடீர் காற்று அடித்தால் விட்டுவிட வேண்டும், பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கட்டி வைத்துவிட்டு பீடி பற்றவைத்தவன் கவிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தூண் பக்கம் போகுமுன் பாயை இறக்கிவிடுங்கள். 120 மீட்டரோ 200 மீட்டரோ, தூணுக்குப் பின்னால் காற்று சுழன்றுதான் வரும்.

முலுண்ட் கப்பல்காரன்:
ஐயா சொன்ன காற்று சரி. ஆனால் "போகவும் வரவும்" என்பது எஞ்சின் இல்லாத காலத்துக் கணக்கு. விடியற்காலைத் தரைக்காற்று 7 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) என்று வைப்போம். படகும் 6 நாட்டில் மேற்கே ஓடினால் பாய்க்குக் கிடைப்பது 1 நாட். பாய் துவண்டு தொங்கும். பாயின் இழுப்பு காற்று வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் இழுப்பு கால்வாசிதான். எனவே நேர் பின்காற்றைவிட, பக்கக்காற்றில்தான் எஞ்சினும் பாயும் சேர்ந்து உழைக்கும். வலை போடும் இடம் வடக்கிலோ தெற்கிலோ இருந்தால் உங்கள் நண்பருக்கு மதியக் காற்று லாபம்.

சுமார் 14 சதுர மீட்டர் பாய் (150 சதுர அடி), பாய்க்குப் பக்கவாட்டில் 10 நாட் காற்று கிடைத்தால் முன்னோக்கி 20 கிலோ இழுப்பு எதிர்பார்க்கலாம். 5 நாட்டில் போகும்போது அது எஞ்சினில் கிட்டத்தட்ட ஒன்றரைக் குதிரைச் சக்திக்குச் சமம். அந்த வேகத்தில் போக அந்தப் படகுக்கு நாலைந்து குதிரை போதும். அதாவது மூன்றில் ஒரு பங்கு பாய் தருகிறது.

ஆனால் பாய் ஏறியதும் நண்பர் முறுக்கைக் குறைக்க வேண்டும். குறைக்காமல் "இன்னும் வேகமா போறோம்" என்று சந்தோஷப்பட்டால் ஒரு சொட்டும் மிஞ்சாது. உண்மையைச் சொன்னால், பாயே இல்லாமல் 7 நாட்டிலிருந்து 6-க்கு வந்தாலே தேவைப்படும் சக்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். இதற்குக் காசு செலவில்லை என்பதால் யாரும் கேட்க மாட்டார்கள்!

உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1999-ல் வெளியிட்ட ஓர் அறிக்கையில், நீண்ட தூரம் போகும் சிறு படகுகளில் பாயால் 80 சதவீதம் வரை எரிபொருள் மிச்சமாகலாம் என்று உண்டு. ஆனால் காற்று, படகின் வடிவம், ஆட்களின் பழக்கம் மூன்றும் ஒத்துவந்தால்தான் என்று அங்கேயே எழுதியிருக்கிறார்கள். 80-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு செலவு செய்யாதீர்கள்.

உங்கள் படகின் அடி தட்டையா? அப்படியென்றால் பக்கக்காற்றில் ஒதுங்கிக்கொண்டே போகும். பக்கவாட்டில் இறக்கி ஏற்றும் பலகை ஒன்று வேண்டும்.

தாராவி ஃபைபர்காரன்:
அடி தட்டைதான் அண்ணே. பலகை நானே அடித்துவிடுவேன். வலை போடுவது பெரும்பாலும் வடக்கே வெர்சோவா பக்கம், அதனால் பக்கக்காற்று கிடைக்கும். பாய்த் துணிக்கு விநாயகர் சதுர்த்திக்கு அடித்த ஃப்ளெக்ஸ் பேனர் சும்மாவே கிடைக்கிறது, முதலில் அதைப் போட்டுப் பார்க்கலாமா?

பாம்பன் தாத்தா:
ஃப்ளெக்ஸ் வேண்டாம். கனம். கயிறு கோக்கக் கண்ணி போட்ட இடத்தில் கிழியும். அதோடு நடுக்கடலில் எந்தக் கட்சித் தலைவர் முகம் நிமிர்ந்து நிற்கும் என்று தெரியாது. பாலியெஸ்டர் துணி எடுங்கள், ஓரத்தில் கயிறு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

முலுண்ட் கப்பல்காரன்:
மரத்துக்கு அடிக்கட்டை போடுமுன் ஒரு சோதனை. காற்று மெதுவாக இருக்கும் காலையில், மீன் நிறுக்கும் 50 கிலோ தொங்கு தராசை எடுத்துப்போங்கள். படகின் பின்பக்கத்தை நங்கூர மிதவையில் கட்டி, நடுவில் தராசை மாட்டுங்கள். அணியம், அதாவது படகின் முன்முனை, காற்று போகும் திசையில் நிற்கும். பாய் இல்லாமல் ஒரு அளவு, ஏற்றிய பிறகு ஒரு அளவு. வித்தியாசம்தான் பாயின் இழுப்பு. அப்போதைக்கு மூங்கிலை முன் குறுக்குப் பலகையில் இறுகக் கட்டினால் போதும்.

தாராவி ஃபைபர்காரன்:
தராசு நண்பரின் அக்காவிடம் இருக்கிறது, மீன் விற்கிறவர். மூங்கிலும் பார்த்துவிட்டேன். தாமானை யார் பிடிப்பது என்பதில்தான் இப்போது சண்டை.