114 முட்டைகள்

2022 நவம்பரில் மூன்றாவது முறையாக எனக்குக் கரு கலைந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "அடுத்த தடவை நல்லபடியா நடக்கும்" என்றார்கள். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. என் மனம் நோகக் கூடாது என்றுதான், அது எனக்குப் புரிந்தது. வளைகாப்புப் பத்திரிகை வந்தால் அத்தை என் கண்ணில் படாமல் பீரோவில் வைத்துவிடுவார். ஆனால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பது போல ஆகிவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வார இறுதி இரவுகளில் கடலாமை முட்டை தேடிப் போகிறவன். மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988 முதல் விடாமல் செய்துவரும் நடை அது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, "சித்தி, சும்மா வாங்க. அங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே போனேன்.

நீலாங்கரையில் நள்ளிரவுக்குச் சற்று முன் நடக்க ஆரம்பித்து, விடிவதற்குள் பெசன்ட் நகர். ஏறக்குறைய 7 கிலோமீட்டர். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. கொட்டிவாக்கத்தைத் தாண்டும்போது முன்னால் போன பெண் நின்றுவிட்டாள். தண்ணீரிலிருந்து மேலேறி, மணலைப் புரட்டிவிட்டு, மறுபடி தண்ணீருக்குள் இறங்கிய ஒரு தடம். சின்ன டிராக்டர் போய் வந்தது போல இருந்தது. ஆமை போய்விட்டது. நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்வது இதைத்தான்.

ஒரு பையன் கம்பால் மணலை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தான். ஓர் இடத்தில் கம்பு பொசுக்கென்று இறங்கியது. குப்புறப் படுத்து, தோள் வரை கையை விட்டு, ஒவ்வொரு முட்டையாக எடுத்தான். என் கையில் ஒன்றைக் கொடுத்தான். பிங்பாங் பந்து அளவு, வெள்ளை. கோழி முட்டை போலக் கெட்டியான ஓடு இல்லை, விரல் பட்டால் லேசாகக் குழிகிற தோல். கதகதப்பாக இருந்தது. எண்ணினோம். 114.

விட்டுவைத்தால் நாய் தோண்டிவிடும், அதனால்தான் எடுக்கிறார்கள். கரையில் வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்கு, குடம் போல அடி அகன்ற குழி தோண்டிப் புதைத்து, தேதியும் எண்ணிக்கையும் எழுதிய சீட்டை நட்டுவைத்தார்கள். சூடு மணலுடையது. மணல் அதிகம் சூடானால் பெண் குஞ்சுகள், குளிர்ந்தால் ஆண் குஞ்சுகள் என்று அவன் சொன்னான். தாய் திரும்பி வருவதில்லை.

அதற்குப் பிறகு நான் நடைக்குப் போகாத நாட்களிலும் அந்தச் சீட்டைப் பார்க்கப் போனேன். வேலை முடிந்து பெசன்ட் நகர் பேருந்து பிடித்து, ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வருவேன். இவரிடம்கூடச் சொல்லவில்லை.

48ஆம் நாள் சாயங்காலம் அக்கா மகனிடமிருந்து போன். ஓடினேன். மணல் சற்று உள்வாங்கியிருந்தது. அப்புறம் ஒரு மூக்கு, ஒரு துடுப்பு, திடீரென்று கொப்பளிப்பது போல எல்லாம் ஒன்றாக. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும். தெருவிளக்கு இல்லாத காலத்தில் கடல்தான் வெளிச்சமான பக்கம், இப்போது ஊர்தான் அதிக வெளிச்சம். அதனால் நீர் விளிம்பில் ஒருவர் டார்ச்சோடு நிற்க, குஞ்சுகளை நீரிலிருந்து சில அடிகள் தள்ளி மணலில் விட்டார்கள். தானே நடந்து போக வேண்டும். முதல் அலை பாதியைத் திருப்பி எறிந்தது. திரும்பவும் நடந்தன. 93 போயின.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த 93 பற்றியல்ல.

சில நாள் கழித்து அந்தக் குழியைத் திறந்தார்கள். பொரியாத முட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சிலவற்றில் ஒன்றுமே உருவாகவில்லை. சிலவற்றில் கடுகு போலக் கண் மட்டும். இரண்டில் ஓடு, துடுப்பு எல்லாம் வந்து முழுசாக இருந்தது. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, "ச்சே பாவம்" என்று சொல்லி அவசரமாக மூடவும் இல்லை. அந்தப் பெண் ஒவ்வொன்றும் எந்த நிலையில் நின்றது என்று சொல்லச் சொல்ல, இன்னொருவன் நோட்டில் குறித்தான். "நான் எழுதட்டுமா?" என்று கேட்டேன். 93 என்று இருந்த கட்டத்துக்குப் பக்கத்தில் 21 என்று எழுதினேன். இரண்டு எண்ணும் ஒரே அளவில் இருந்தன. பிறகு அவற்றை மணலிலேயே புதைத்தோம்.

அன்று இரவு இவரிடம் மூன்று தேதிகளைச் சொன்னேன். ஒவ்வொன்றும் எத்தனை வாரம் என்பதையும். நான் இரண்டாவதில் ஒரு நாள் தப்பாகச் சொன்னேன். இவர் திருத்தினார்.

அதற்குப் பிறகுதான் கடற்கரை எனக்கு மறுபடி அழகாகத் தெரிந்தது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? சொல்லுங்கள்.

மந்தைவெளியிலிருந்து ஒரு பெரியவர்:

படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை அம்மா. அந்தத் தேதிகளைச் சொல்லிக்கொண்டீர்களே, நல்லது செய்தீர்கள்.

என் வீட்டு வாசலில் ஒரு பூவரசு இருந்தது. என் மனைவி மணமாகி வந்த வருடம் நட்டது. அவள் போன ஆறாம் மாதம், 2016 டிசம்பர் 12, வர்தா புயல். மதியம் காற்று திசை மாறியது, மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. மறுநாள் ரம்பத்தோடு வந்த தொழிலாளர்களிடம் ஒரே ஒரு கிளையை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். பூவரசைக் கிளை நட்டாலே வேர் பிடிக்கும், கிராமத்தில் வேலிக்கு அப்படித்தான் நடுவோம். கொல்லையில் ஊன்றினேன். எனக்கு அப்போது நம்பிக்கையெல்லாம் இல்லை, வெட்டிப் போட மனமில்லை, அவ்வளவுதான். பொங்கல் கழித்து ஒரு பச்சை நுனி தெரிந்தது.

இப்போது மாடிக்கு மேலே போய்விட்டது. காலையில் மஞ்சளாக இருக்கும் பூ சாயங்காலம் சிவந்து வாடும். பேத்திக்கு இலையைச் சுருட்டிப் பீப்பி செய்து கொடுத்தேன், காது போகும்படி ஊதுகிறாள்.

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தையும் அவளுக்குக் காட்டினேன். அதன் தாய்மரம் 1989லேயே புயலில் விழுந்துவிட்டது. விழுதுகள்தான் நிற்கின்றன. "தாத்தா, நடுவுல ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டாள். அங்கேதான் மரம் இருந்தது என்றேன்.

பாலவாக்கத்தில் தங்கியிருக்கும் தம்பி:

அக்கா, நான் உணவு டெலிவரி வேலை பார்க்கிறேன். 2024 அக்டோபரில் அந்தக் கனமழை வாரம் வண்டியில் தண்ணீர் புகுந்து இரண்டு நாள் வருமானம் போச்சு. வட்டிக்குக் கொடுத்தவருக்குப் பதில் சொல்ல முடியாமல், 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி கடைசி ஆர்டர் கொடுத்துவிட்டு ரூமுக்குப் போகப் பிடிக்காமல் கடற்கரைக்குப் போனேன்.

அலை உடையும் இடமெல்லாம் நீலமாக எரிந்தது. அது விளக்கு வெளிச்சமல்ல, நிலா வெளிச்சமுமல்ல, தண்ணீரே எரிந்தது. கால் வைத்தால் ஈர மணலில் சுற்றிலும் புள்ளி புள்ளியாகப் பொறி. முன்பின் தெரியாத ஒரு குடும்பம் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்றது. திண்டிவனத்தில் இருக்கும் அம்மாவை எழுப்பி வீடியோ காலில் காட்டினேன். என் பழைய போனில் ஒன்றும் விழவில்லை. "எல்லாம் கருப்பாத்தான் தெரியுதுடா. நீ பாக்குறியா? அப்ப நல்லாப் பாரு, நான் லைன்லயே இருக்கேன்" என்றார். அரை மணி நேரம் பேசாமல் இருந்தார். கடன் அப்படியேதான் இருந்தது. ஆனால் அன்றைக்குப் போய்த் தூங்கினேன்.

கடல் உயிரியல் படிக்கும் ஒரு மாணவி:

அண்ணா, உங்கள் சந்தோஷத்தைக் குறைக்க எழுதவில்லை. நானும் அன்று திருவான்மியூரில் இருந்தேன், கத்தினேன். அது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி, அலை அசைக்கும்போது ஒளிரும். ஆனால் அது இப்படிக் கூட்டமாகப் பெருகினால் நீரில் ஆக்சிஜன் குறையலாம், அம்மோனியா சேரலாம், மீன்களுக்கு நல்லதல்ல. 2019 ஆகஸ்டிலும் இங்கே இப்படி வந்தது. அதைத் தெரிந்துகொண்டே பார்ப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அடுத்த முறை வந்தால் ஓடிப்போய்ப் பார்ப்பேன், ஒரு பாட்டிலில் தண்ணீரும் எடுத்துவருவேன்.

பாலவாக்கம் தம்பி:

தெரியாது தங்கச்சி. சொன்னது நல்லது. அம்மாவிடமும் சொல்கிறேன்.

மேடவாக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை:

தினமும் ரேடியல் ரோட்டில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறேன். ஒரு பக்கம் குப்பைமேடு, இன்னொரு பக்கம் கட்டடங்கள், நடுவில் எஞ்சிய தண்ணீரில் பூநாரைகள் தலைகீழாக அலகை வைத்து மேய்ந்துகொண்டிருக்கும். 2022இல் உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள், மகிழ்ந்தேன். ஆனால் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டது. அழகைப் பார்த்து மனம் ஆறிவிடக் கூடாது என்றே சில நாள் தோன்றும். கோபமும் வேண்டும். என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை மாதம் ஒருமுறை அழைத்துப்போய் எண்ணச் சொல்கிறேன். தோழி, உங்கள் நோட்டைப் பற்றிப் படித்ததும் அவர்கள் நோட்டில் இன்னொரு கட்டம் போட்டேன்: இறந்து கிடந்தவை.

மீண்டும் நான்:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, பூவரசங்கிளை ஒன்று எனக்கும் வேண்டும், மந்தைவெளிக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

டீச்சர் சொன்ன கோபம் எனக்கும் உண்டு. 2025 ஜனவரியில் நடையின்போது உயிரோடு பார்த்ததைவிடச் செத்து ஒதுங்கிய ஆமைகள்தான் அதிகம். சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில். ஆமைக்கும் மூச்சு வாங்க மேலே வர வேண்டும். இழுவை வலைக்குள் மாட்டினால் மூழ்கிச் செத்துவிடும். ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவை வலை இழுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. கண் பிதுங்கிக் கிடந்த ஒரு தாய் ஆமையின் வயிற்றில் முட்டை இருந்தது. அன்றும் அளந்தோம், இடம் குறித்தோம். அன்று அழகு எதுவும் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இவர்தான் "கெளம்பு, நானும் வரேன்" என்றார்.

வர விரும்புகிறவர்கள் ஜனவரியில் வெள்ளி, சனி இரவுகளில் வரலாம். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், போனை அணைத்துவிடுங்கள், செருப்பைக் கையில் வைத்துக்கொள்ளலாம். பேசப் பிடிக்காதவர்கள் என்னோடு கடைசியில் நடக்கலாம்.